வீட்டு மருத்துவச் சாதனங்களை எச்எஸ்ஏ பணத்தில் வாங்குவது எப்படி: அமெரிக்காவில் குடும்பம் நடத்துபவர்களுக்கு

என் கணவருக்குத் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறது என்று தெரிந்ததும் டாக்டர் சிபேப் மெஷின் (தூங்கும்போது மாஸ்க் வழியாகக் காற்றைச் செலுத்தி மூச்சுப் பாதையைத் திறந்து வைக்கும் கருவி) எழுதிக்கொடுத்தார். எங்கள் இன்சூரன்ஸ் பட்டியலில் இருந்த ஒரு சப்ளையரைக் கூப்பிட்டேன். "உங்கள் டிடக்டிபிள் இன்னும் முடியவில்லை, மாதம் 110 டாலர் வாடகை, 13 மாதம் கட்டினால் மெஷின் உங்களுடையது" என்றார்கள். (டிடக்டிபிள் என்பது இன்சூரன்ஸ் கொடுக்கத் தொடங்கும் முன் வருடத்துக்கு நாமே கட்ட வேண்டிய தொகை.) சரி என்று சொல்லிவிட்டேன். நாலு மாதம் கட்டிய பிறகுதான் உட்கார்ந்து கூட்டிப் பார்த்தேன், மொத்தம் 1,430 டாலர். அதே மாடல் மெஷின், இன்சூரன்ஸே இல்லாமல், டாக்டர் சீட்டை அனுப்பினால் 850 டாலருக்கு வீட்டுக்கு வந்திருக்கும், அந்த 850 டாலரும் எங்கள் எச்எஸ்ஏ கணக்கில் சும்மாதான் கிடந்தது. யாராவது முன்பே சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்குமே என்று அன்றைக்குத் தோன்றியதுதான் இதை எழுதக் காரணம்.

எச்எஸ்ஏ என்பது ஹெல்த் சேவிங்ஸ் அக்கவுன்ட், மருத்துவச் செலவுக்காக வரியில்லாமல் பணம் சேர்த்து வைக்கும் கணக்கு. 2003-ல் வந்த சட்டத்தின்படி 2004 முதல் இருக்கிறது. டிடக்டிபிள் அதிகமாக உள்ள இன்சூரன்ஸ் வைத்திருப்பவர்கள்தான் இதில் பணம் போடலாம். 2026-க்கு அந்த டிடக்டிபிள் தனி ஆளுக்குக் குறைந்தது 1,700 டாலர், குடும்பத்துக்கு 3,400 டாலர் இருக்க வேண்டும், வருடத்துக்குப் போடக்கூடிய உச்சவரம்பு தனி ஆளுக்கு 4,400, குடும்பத்துக்கு 8,750, வயது 55 ஆகியிருந்தால் இன்னும் 1,000. கம்பெனி சம்பளத்திலிருந்தே பிடித்துப் போட்டால் வருமான வரியும் இல்லை, சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் (முதியோருக்கான அரசு இன்சூரன்ஸ்) பிடித்தமான 7.65 சதவீதமும் இல்லை. நீங்கள் 22 சதவீத வரி வரம்பில் இருந்தால், 900 டாலர் மெஷினைக் கைக்காசில் வாங்கக் கிட்டத்தட்ட 1,280 டாலர் சம்பாதிக்க வேண்டும், எச்எஸ்ஏவில் வாங்கினால் 900 சம்பாதித்தால் போதும். கலிஃபோர்னியாவிலும் நியூஜெர்சியிலும் இருப்பவர்கள் மட்டும் ஒன்றை நினைவில் வையுங்கள், இந்த இரண்டு மாநிலங்களும் எச்எஸ்ஏவை ஏற்பதில்லை, மாநில வரி கட்டத்தான் வேண்டும். நம் ஆட்கள் நிறையப் பேர் இந்த இரண்டில் இருக்கிறோம் என்பதால் சொல்கிறேன்.

முதலில் தேதியைப் பாருங்கள்

கணக்கு தொடங்கிய தேதிக்குப் பிறகு ஏற்பட்ட செலவுக்குத்தான் எச்எஸ்ஏ பணம் செல்லும். ஜனவரி 1 முதல் உங்கள் இன்சூரன்ஸ் மாறிவிட்டது, ஆனால் கணக்கை மார்ச்சில்தான் திறந்தீர்கள் என்றால், பிப்ரவரியில் வாங்கிய நெபுலைசருக்கு (மருந்தை ஆவியாக்கி மூச்சில் இழுக்கவைக்கும் கருவி) அதிலிருந்து எடுக்க முடியாது. அதனால் புதுத் திட்டத்தில் சேர்ந்தவுடனே கணக்கைத் திறந்து கொஞ்சம் பணமாவது போட்டுவிடுங்கள், 25 டாலர் போட்டால்கூடப் போதும், தேதி முக்கியம்.

கணக்கில் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவுதான் எடுக்கலாம் என்பதும் பலருக்கு உறைப்பதில்லை. எஃப்எஸ்ஏவில் (ஃப்ளெக்சிபிள் ஸ்பென்டிங் அக்கவுன்ட், மருத்துவச் செலவுக்காகக் கம்பெனி வழியே எடுக்கும் வேறொரு வகைக் கணக்கு) வருட ஆரம்பத்திலேயே முழுத் தொகையும் கைக்கு வரும், எச்எஸ்ஏவில் அப்படியில்லை. பிப்ரவரியில் 800 டாலர் சாமான் தேவை, கணக்கில் 300தான் இருக்கிறது என்றால் பயப்பட வேண்டாம். உங்கள் சொந்த கார்டில் வாங்குங்கள், ரசீதை வையுங்கள், பணம் சேர்ந்த பிறகு கணக்கிலிருந்து உங்கள் வங்கிக்கு எடுத்துக்கொள்ளுங்கள். இதற்குக் கெடு எதுவும் இல்லை, அடுத்த மாதம் எடுக்கலாம், பத்து வருடம் கழித்தும் எடுக்கலாம். சிலர் வேண்டுமென்றே எடுக்காமல் விட்டு, கணக்கில் இருக்கும் பணத்தை முதலீட்டில் வளரவிட்டு, ரசீதை மட்டும் பத்திரப்படுத்துகிறார்கள். கைக்காசு இருந்தால் அது நல்ல வழிதான், ஆனால் மாதச் செலவுக்கே இழுபறியாக இருக்கும் வீட்டில் அதற்காகக் கிரெடிட் கார்டு வட்டி கட்டுவதில் அர்த்தமில்லை.

இன்னொரு பொறி: கணவருக்கு எச்எஸ்ஏ, மனைவி தன் கம்பெனியில் வழக்கமான எஃப்எஸ்ஏ எடுத்திருக்கிறார். அந்த எஃப்எஸ்ஏ கணவரின் செலவையும் கொடுக்கக்கூடியது என்பதால், கணவர் எச்எஸ்ஏவில் பணம் போடும் தகுதியே போய்விடும். பல், கண் செலவுக்கு மட்டுமான எஃப்எஸ்ஏ என்றால் பிரச்சினை இல்லை. இன்சூரன்ஸ் தேர்ந்தெடுக்கும் வாரத்தில் இரண்டு பேரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து இரண்டு கம்பெனிப் படிவங்களையும் சேர்த்துப் பாருங்கள்.

யாருக்காக வாங்கலாம்

உங்களுக்கு, உங்கள் வாழ்க்கைத் துணைக்கு, வரி விஷயத்தில் உங்களைச் சார்ந்திருக்கும் டிபென்டென்ட்டுகளுக்கு. அவர்கள் உங்கள் இன்சூரன்ஸில் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மனைவி தன் கம்பெனி இன்சூரன்ஸில் இருந்தாலும் அவருக்கு உங்கள் எச்எஸ்ஏவில் வாங்கலாம். ஆனால் 24 வயதுப் பையன் உங்கள் இன்சூரன்ஸில் இருக்கிறான், வேலைக்குப் போய் தனியாக வரி கட்டுகிறான் என்றால், அவனுடைய முழங்கால் பட்டைக்கு உங்கள் எச்எஸ்ஏ உதவாது.

இப்போது நம் வீடுகளில் எல்லோரும் கேட்கும் கேள்வி, அப்பா அம்மா. ஊரிலிருந்து விசிட்டர் விசாவில் வந்து ஆறு மாதத்துக்குள் திரும்பிப் போகும் பெற்றோர் பொதுவாக டிபென்டென்ட் ஆக மாட்டார்கள், ஏனென்றால் டிபென்டென்ட் என்பவர் அமெரிக்கக் குடிமகனாகவோ, வரிச் சட்டப்படி இங்கே வசிப்பவராகவோ இருக்க வேண்டும் (கனடா, மெக்சிகோவில் வசிப்பவர்களுக்கு விலக்கு உண்டு, இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இல்லை). அம்மா வந்த இடத்தில் கால் வழுக்கி விழுந்து வாக்கர் வாங்க நேர்ந்தால், மனசு எவ்வளவு அடித்துக்கொண்டாலும் அதைச் சொந்தக் காசில்தான் வாங்க வேண்டும். எச்எஸ்ஏவில் எடுத்தால் அந்தத் தொகைக்கு வருமான வரியும் அதற்கு மேல் 20 சதவீத அபராதமும் விழும்.

கிரீன் கார்டில் வந்து தங்கிய பெற்றோர் கதை வேறு. அவர்களுடைய ஆதரவுச் செலவில் பாதிக்கு மேல் நீங்கள் கொடுத்தால் அவர்கள் உங்கள் டிபென்டென்ட்டாக முடியும், உங்கள் கூடவேதான் இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. வரிப் படிவத்தில் டிபென்டென்ட்டாகக் காட்ட அவர்களுக்கு ஒரு வருமான வரம்பு உண்டு, எச்எஸ்ஏ செலவுக்கு அந்த வரம்பு பொருந்தாது. ஆகவே ஊரில் பென்ஷனோ வாடகையோ வந்து அந்த வரம்பைத் தாண்டிவிட்ட மாமனாருக்குக்கூட வழி இருக்கிறது. 65 வயதானவர்களும் கிரீன் கார்டோடு ஐந்து வருடம் இங்கே தொடர்ந்து இருந்த பிறகுதான் காசு கொடுத்தாவது மெடிகேர் வாங்க முடியும் என்பதால், அந்த நடுவில் வரும் ஐந்து வருடத்தில் வாக்கர், குளியல் நாற்காலி, பிபி மெஷின் எல்லாவற்றுக்கும் பிள்ளைகளின் எச்எஸ்ஏ பெரிய கைத்தாங்கல். எங்கள் மாமியாருக்கு அப்படித்தான் செய்தோம்.

எதை வாங்கலாம்

ஐஆர்எஸ் (அமெரிக்க வருமான வரித் துறை) வெளியீடு 502-ல் இருக்கும் அடிப்படை இதுதான்: ஒரு நோயை, குறைபாட்டைக் கண்டறிய, தணிக்க, தடுக்க முதன்மையாகப் பயன்படும் செலவாக இருக்க வேண்டும், பொதுவாக உடம்புக்கு நல்லது என்பது போதாது. சக்கர நாற்காலி, வாக்கர், ஊன்றுகோல், மருத்துவமனைக் கட்டில், ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர், நெபுலைசர், சிபேப்பும் அதன் மாஸ்க், குழாய், வடிகட்டிகளும், பிபி மெஷின், சர்க்கரை பார்க்கும் மீட்டரும் அதன் பட்டைகளும், காது கேட்கும் கருவியும் பேட்டரியும், தாய்ப்பால் பம்ப், இதிலெல்லாம் சந்தேகமே இல்லை. வாங்கலாம், வாடகைக்கு எடுக்கலாம், பழுதும் பார்க்கலாம். சிபேப், ஆக்சிஜன் மெஷின் இரண்டுக்கும் டாக்டர் சீட்டு இல்லாமல் நேர்மையான கடை எதுவும் விற்காது. காது கருவி 2022 அக்டோபரிலிருந்து, லேசான, நடுத்தரக் குறைபாடு உள்ள பெரியவர்களுக்குச் சீட்டில்லாமலே கடையில் கிடைக்கிறது. ஊருக்குப் போன இடத்தில் உங்களுக்கோ மனைவிக்கோ வாங்கிய கருவிக்கும் ரூபாய் ரசீது இருந்தால் எடுக்கலாம், வாங்கிய நாளின் டாலர் மதிப்பைப் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

குழப்பம் வருவது வீட்டில் எல்லோருமே பயன்படுத்தக்கூடிய சாமான்களில். காற்றுச் சுத்திகரிப்பான், ஹியூமிடிஃபையர், மசாஜ் நாற்காலி, தலைப்பக்கம் உயரும் கட்டில், டிரெட்மில். இவற்றுக்கு உங்கள் டாக்டரிடம் 'லெட்டர் ஆஃப் மெடிக்கல் நெசசிட்டி' வாங்க வேண்டும்: என்ன நோய், இந்தச் சாமான் அதற்கு எப்படி உதவும், எவ்வளவு காலத்துக்கு என்று மூன்றும் அதில் இருக்கட்டும். சாமானை வாங்குவதற்கு முன்பே கடிதத்தை வாங்கிவிடுங்கள், சாமான் வந்த பிறகு எழுதி வாங்கும் கடிதம் வீண் சங்கடம். இன்டர்நெட்டில் நாலு கேள்விக்குப் பதில் சொன்னால் உங்களைப் பார்க்காமலே கடிதம் தருகிறோம் என்று சில கம்பெனிகள் கிளம்பியிருக்கின்றன. உடல்நலச் சாமான்களை மருத்துவச் செலவு போலக் காட்டும் இந்த மாதிரி கம்பெனிகளைப் பற்றி 2024 மார்ச்சில் ஐஆர்எஸ்ஸே எச்சரிக்கை விட்டது. உங்களுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டரின் கடிதத்தைத்தான் நான் நம்புவேன்.

இன்சூரன்ஸ் வழியா, ரொக்க விலையா

பணம் மிச்சமாவதும் வீணாவதும் இங்கேதான், அதனால் இதை அவசரமில்லாமல் படியுங்கள்.

டாக்டர் எழுதிக்கொடுத்ததும் அவர் அலுவலகத்தில் அந்தச் சாதனத்தின் ஹிக்பிக்ஸ் கோடை (HCPCS, பில் போடுவதற்கான குறியீட்டு எண்) கேளுங்கள். சிபேப் மெஷினுக்கு இ0601, ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டருக்கு இ1390, இப்படி ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் உண்டு. அந்த எண்ணோடு இன்சூரன்ஸுக்கு ஃபோன் செய்து கேட்க வேண்டியவை: இது எங்கள் திட்டத்தில் அடங்குமா, முன் அனுமதி வேண்டுமா, வாடகையா விலைக்கா, வாடகை என்றால் எத்தனை மாதம், மாதத்துக்கு ஒப்பந்த விலை எவ்வளவு, என் டிடக்டிபிளில் இன்னும் எவ்வளவு பாக்கி. பேசியவர் பெயரையும் அழைப்பு எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் இரண்டு மூன்று சப்ளையர்களிடம் இன்சூரன்ஸ் இல்லாமல் நேராக வாங்கினால் என்ன விலை என்று கேளுங்கள்.

சில சாமான்களுக்கு எச்எஸ்ஏவைத் தொடவே வேண்டியதில்லை. தாய்ப்பால் பம்பை ஒபாமாகேர் சட்டப்படி பெரும்பாலான திட்டங்கள் உங்கள் பங்கு எதுவும் இல்லாமல் தந்தாக வேண்டும். ரத்த அழுத்தம் உள்ளவருக்கு பிபி மெஷின், சர்க்கரை உள்ளவருக்கு மீட்டர், ஆஸ்துமா உள்ளவருக்கு மூச்சை வெளிவிடும் வேகத்தை அளக்கும் பீக் ஃப்ளோ மீட்டர் இவற்றை டிடக்டிபிளுக்கு முன்பே கொடுக்க 2019-ல் ஐஆர்எஸ் அனுமதித்தது, கட்டாயமில்லை, ஆனாலும் பல திட்டங்கள் கொடுக்கின்றன. கேட்டால்தான் கிடைக்கும்.

மற்றபடி முடிவு உங்கள் டிடக்டிபிளைப் பொறுத்தது. இந்த வருடம் பிரசவமோ ஆபரேஷனோ வரப்போகிறது, டிடக்டிபிள் எப்படியும் முடியும் என்றால் இன்சூரன்ஸ் வழியே போங்கள், நீங்கள் கட்டுவது டிடக்டிபிளில் சேரும். பெரிய செலவு எதுவும் வராது, ரொக்க விலை குறைவு என்றால் நேராக வாங்கி எச்எஸ்ஏவில் கட்டிவிடுங்கள், ஆனால் அந்தத் தொகை பெரும்பாலும் டிடக்டிபிளில் சேராது என்று தெரிந்தே செய்யுங்கள். வாடகை ஒப்பந்தத்தில் இருக்கும் பெரிய பள்ளம் ஜனவரி 1. செப்டம்பரில் டிடக்டிபிள் முடிந்த சந்தோஷத்தில் வாடகைக்கு எடுப்பீர்கள், வருடக் கடைசி வரை இன்சூரன்ஸ் கட்டும், ஜனவரியில் டிடக்டிபிள் மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கி மீதி மாதங்கள் முழுக்க உங்கள் தலையில் விழும். வருடக் கடைசியில் வாங்குவதானால், முழு விலைக்கு ஒரே பில்லாகப் போட முடியுமா என்று கேளுங்கள்.

சிபேப் வாடகையில் இன்னொரு நிபந்தனையும் உண்டு. மெடிகேரில் முதல் 90 நாளுக்குள் தொடர்ந்து வரும் ஏதாவது ஒரு 30 நாளில், 70 சதவீத இரவுகளில் குறைந்தது 4 மணி நேரம் மாட்டியிருந்ததாக மெஷின் காட்ட வேண்டும், பல தனியார் இன்சூரன்ஸ்களும் இதே அளவைப் பின்பற்றுகின்றன. இல்லையென்றால் பணம் நின்றுவிடும். மாஸ்க் பொருந்தாமல் தூக்கி எறியும் ஆட்கள் முதல் வாரமே மாஸ்க்கை மாற்றிக் கேளுங்கள், மூன்று மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருக்காதீர்கள்.

மெடிகேரில் உள்ளவர்கள் எச்எஸ்ஏவில் புதிதாகப் பணம் போட முடியாது, இருப்பதைச் செலவழிக்கலாம். சாதனங்களுக்குக் கொடுக்கும் மெடிகேர் பகுதியான பார்ட் பி, அதன் டிடக்டிபிள் போக, அங்கீகரித்த தொகையில் 80 சதவீதம் கட்டும், மீதி 20 சதவீதத்தை எச்எஸ்ஏவில் கட்டலாம். குளியல் நாற்காலி, கைப்பிடிக் கம்பிகளை அது கொடுப்பதில்லை, அங்கேயும் இந்தப் பணம் உதவும். 65-க்கு மேல் வேலை செய்துகொண்டே மெடிகேரைத் தள்ளிப்போட்டவர்கள், அதில் சேருவதற்கு ஆறு மாதம் முன்பே எச்எஸ்ஏவில் போடுவதை நிறுத்திவிடுங்கள், மருத்துவமனைச் செலவுக்கான பார்ட் ஏ, சேர்ந்த நாளுக்கு ஆறு மாதம் முன்பு வரை பின்னோக்கி அமலாகும்.

வீட்டையே மாற்ற வேண்டி வந்தால்

சக்கர நாற்காலிக்குச் சாய்தளம், அகலமான கதவு, குளியலறைக் கம்பிகள் இவை பொதுவாக வீட்டின் விலையைக் கூட்டுவதில்லை என்பதால் முழுச் செலவையும் எடுக்கலாம். லிஃப்ட் போன்றது வீட்டு மதிப்பைக் கூட்டும், அதனால் செலவில் மதிப்பு கூடியது போக மீதிதான். 12,000 டாலருக்கு லிஃப்ட் வைத்து வீட்டு மதிப்பு 7,000 கூடினால் 5,000-க்குத்தான் கணக்கு. மதிப்பீட்டாளரின் தாள் கையில் இருக்கட்டும். வாடகை வீட்டில் இருந்துகொண்டு, வீட்டுக்காரர் பங்கு தராமல் நீங்களே டாக்டர் சொன்னபடி குளியலறையை மாற்றினால், அந்த வீட்டின் மதிப்பு உங்களுக்குச் சேருவதில்லை, ஆகவே முழுச் செலவும் செல்லும். தேவைக்கு மேல் அழகுக்காகப் போடும் சலவைக்கல் மட்டும் இதில் சேராது.

கட்டும்போதும், அதற்குப் பிறகும்

எச்எஸ்ஏ கார்டைக் கடையில் தேய்க்கும்போது சில சமயம் மறுக்கப்படும். கடையின் கம்ப்யூட்டரில் அந்தச் சாமான் மருத்துவப் பட்டியலில் இல்லை என்பதுதான் பெரும்பாலும் காரணம், உங்களுக்குத் தகுதி இல்லை என்று அர்த்தமில்லை. சொந்தக் கார்டில் கட்டி, பிறகு எடுத்துக்கொள்ளுங்கள். கார்டு ஏற்றுக்கொண்டதாலேயே செலவு செல்லும் என்றும் ஆகாது, பொறுப்பு உங்களுடையதுதான்.

ஒவ்வொரு சாதனத்துக்கும் ஒரு ஃபோல்டர் போடுங்கள். அதில் சாமான் பெயரும் தேதியும் யாருக்கு என்பதும் தெரியும் ரசீது (கார்டு ஸ்டேட்மென்ட் மட்டும் போதாது), டாக்டர் சீட்டு அல்லது கடிதம், இன்சூரன்ஸ் எவ்வளவு கட்டியது என்று காட்டும் இஓபி தாள். கடை ரசீதின் மை இரண்டு கோடையில் வெளுத்துவிடும், அன்றைக்கே ஃபோட்டோ எடுத்து வையுங்கள். இன்சூரன்ஸோ எஃப்எஸ்ஏவோ கொடுத்த தொகையை எச்எஸ்ஏவிலும் எடுக்கக்கூடாது, எச்எஸ்ஏவில் எடுத்ததை வரிப் படிவத்தில் மருத்துவக் கழிவாகவும் காட்டக்கூடாது.

ஜனவரியில் எச்எஸ்ஏ கம்பெனி, முந்தின வருடம் நீங்கள் எடுத்த தொகையைக் காட்டும் 1099-எஸ்ஏ படிவத்தை அனுப்பும். வரி தாக்கல் செய்யும்போது எச்எஸ்ஏவுக்கான 8889 படிவத்தில் 14ஏ என்ற இடத்தில் மொத்தம் எடுத்ததையும், 15 என்ற இடத்தில் மருத்துவச் செலவுக்குப் போனதையும் எழுதுங்கள், இரண்டும் ஒன்றாக இருந்தால் வரி ஒன்றுமில்லை. எல்லாமே முறையான செலவாக இருந்தாலும் படிவத்தைப் போட்டே ஆக வேண்டும். ரசீதுகளை இணைக்க வேண்டாம், கேட்டால் காட்டக் கையில் இருந்தால் போதும்.

தெரியாமல் தப்பான செலவுக்கு எடுத்துவிட்டால், உதாரணமாக விசிட்டர் விசாவில் வந்த அப்பாவின் சக்கர நாற்காலிக்கு, தவறு தெரிந்ததும் எச்எஸ்ஏ கம்பெனியைக் கூப்பிட்டு 'மிஸ்டேக்கன் டிஸ்ட்ரிபியூஷன்' படிவம் கேளுங்கள். தெரிந்த வருடத்துக்கு அடுத்த ஏப்ரல் 15-க்குள் பணத்தைத் திருப்பிப் போட்டால், எடுக்காத மாதிரியே ஆகிவிடும். நியாயமான காரணத்தால் நேர்ந்த உண்மையான தவறாக இருக்க வேண்டும், அந்தக் கம்பெனியும் ஏற்க வேண்டும், அதனால் படிவத்தைக் கேட்டு வாங்கும் வேலையைத் தள்ளிப்போடாதீர்கள். பொருந்தாத சாதனத்தைக் கடைக்குத் திருப்பிக்கொடுத்து, பணம் உங்கள் சொந்த கார்டுக்கு வந்துவிட்டாலும் இதே படிவம்தான். சாதாரணமாக டெபாசிட் செய்தால் அது அந்த வருட உச்சவரம்பில் ஏறிவிடும்.

எங்கள் வீட்டு மெஷினில் கடைசியில் இப்படிச் செய்தோம்: கட்டிய நாலு மாதம் போக, மீதியை ஒரே தொகையாகக் கட்டி வாங்கிக்கொள்கிறோம் என்று அந்த சப்ளையரிடம் கேட்டேன். முதலில் இல்லை என்றார்கள், மேலாளரிடம் பேசிய பிறகு 550 டாலருக்கு முடித்தார்கள். 550-ஐயும் ஏற்கெனவே கட்டிய 440-ஐயும் சேர்த்து எச்எஸ்ஏவில் எடுத்தோம்.